காற்று ஒழுகும் சத்தம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம் மில்லை நிறுத்துவார்கள். இரவு பகலாக ஓடும் ஸ்பின்னிங் மில் முழுசாக நிற்பது வருடத்தில் மூன்று நான்கு முறைதான். மெஷின்களில் படிந்த பஞ்சுத் தூசியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி முடிக்கும்போது ராத்திரி ஆகிவிடும். 1996-இல் கோயம்புத்தூருக்குப் பக்கத்து மில் ஒன்றில் எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். அந்த வருடப் பூஜைக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு கம்ப்ரஸர் ஃபிட்டர் அண்ணா என்னை, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் வரிசைக்குக் கூட்டிப்போனார்.

"சித்த பேசாம நில்லுங்க சார். காதைக் குடுங்க."

மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காத இடம் அது. இப்போது அங்கே ஒரு சீறல் கேட்டது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி கசியுமே, அந்தச் சத்தம். கொஞ்ச நேரம் நின்றால் இன்னொன்று, அதற்கு அப்பால் மெலிசாக இன்னொன்று. எந்த மெஷினும் காற்று எடுக்கவில்லை. ஆனாலும் கம்ப்ரஸர் ரூமில் 75 எச்பி கம்ப்ரஸர் லோடு எடுப்பதும் விடுவதுமாக இருந்தது. அண்ணா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். லோடு எடுத்தது இரண்டு நிமிடம், விட்டது நான்கு நிமிடம். ஆறு நிமிடத்தில் இரண்டு நிமிடம், அதாவது கம்ப்ரஸர் அடிக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 18 கிலோவாட். வருடத்துக்கு 8,000 மணி நேரம் மில் ஓடினால் 1,44,000 யூனிட். இன்றைக்கு யூனிட் ஏழு ரூபாய் என்று வைத்தாலே பத்து லட்ச ரூபாய். அண்ணாவிடம் ஒரு சோப்புத் தண்ணி டப்பா, பெயிண்ட் பிரஷ், டெஃப்லான் டேப், ஒரு கட்டு ஹோஸ் கிளிப், இவ்வளவுதான் இருந்தன. விடிவதற்குள் நாற்பது இடம் அடைத்தோம். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

2003-இல் அவர் ஓய்வு பெற்றார். சால்வை போர்த்தினார்கள், சாப்பாடு போட்டார்கள். ஆறு மாதத்தில் சீறல் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கம்ப்ரஸர் ஓட்ட வேறு ஆளைப் போட்டிருந்தார்கள், அவரும் நல்ல வேலைக்காரர்தான். ஆனால் ஓட்டை தேடுவது ஒரு வேலை என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அண்ணா தானாக எடுத்துச் செய்த வேலை அது. அவர் போன இடம் காலியாகக் கிடக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. இருபது வருடமாக எரிசக்தித் தணிக்கையாளனாக மில்களிலும் பவுண்டரிகளிலும் நடந்து திரிந்தபின், என் தொழிலின் பெரிய கஷ்டம் எது என்று யாராவது கேட்டால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது 2001-இல். அடுத்த வருடம் மார்ச்சில் எரிசக்தித் திறன் செயலகம் தொடங்கியது. 2004-இல் எரிசக்தி மேலாளர், தணிக்கையாளர் சான்றிதழ்களுக்கான தேசியத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். நான் 2005-இல் எழுதினேன். மேலாளருக்கு மூன்று தாள், தணிக்கையாளருக்கு நான்கு. நான்கு பாடப் புத்தகங்களும் இன்றைக்கும் என் மேசையில் இருக்கின்றன. பாய்லர், ஃபர்னஸ், மோட்டார், பம்பு, ஃபேன், லைட்டிங் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன புத்தகம் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தத் தேர்வு என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பெயர் கொடுத்தது. அதற்கு முன் நாங்கள் "ஈபி பில்லைக் குறைக்கிற ஆளு".

2008 நவம்பரில் தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு அறிவித்தார்கள். மாலை ஆறு மணியிலிருந்து பத்து வரை கிட்டத்தட்ட எதுவும் ஓட்ட முடியாது. டீசல் போட்டு ஜெனரேட்டர் ஓட்டினால் யூனிட் விலை ஈபியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அந்த வருடங்களில் என் போன் ஓயவில்லை. வாரத்துக்கு இரண்டு மில் பார்த்தேன். வேலைக்கு ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. சான்றிதழ் வைத்திருந்தவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். பம்பின் திறனைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பேனலைத் திறந்து, கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை எந்த வயரில் மாட்டுவது என்று கேட்டால் கை நடுங்கும். அதை நான் அவர்கள் குறையாகப் பார்த்ததில்லை. ஓடுகிற பேனலை இதற்கு முன் யாரும் அவர்களுக்குத் திறந்து காட்டியதில்லை. இன்னொரு பக்கம், பேனலுக்குள்ளேயே வாழ்ந்த ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன்கள் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டருக்கு வயர் அடிப்பார்கள். அவர்களால் அந்தத் தேர்வுப் பக்கமே போக முடியாது. படிப்புத் தகுதி ஒரு தடை. தேர்வைத் தமிழில் எழுத வழியில்லை என்பது அடுத்த தடை. கணக்குத் தெரிந்தவர்களுக்குக் கை வரவில்லை, கை வந்தவர்களுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இந்த இரண்டு பேரையும் ஒரே கம்ப்ரஸர் ரூமில் ஒரு மாதம் நிறுத்திவைத்தால் போதும் என்று அப்போது நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

2011-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் என் தப்பும் இருக்கிறது.

ஒரு மில்லின் எச் பிளாண்டில், அதாவது நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றை ஈரப்படுத்தி அனுப்பும் இடத்தில், நான்கு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 12 கிலோவாட் எடுத்தது. கோடை மத்தியானத்துக்கு வேண்டிய அதே வேகத்தில் ஐப்பசி மழை ராத்திரியிலும் ஓடின. ஃபேனின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் மின்சாரம் நிறையக் குறையும். வேகம் 80 சதவீதமானால் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும், ஏனென்றால் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் அது மாறுகிறது. நான்குக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் போட்டோம். ஈரப்பதத்தை அளக்கும் சென்சார் ஒன்று மாட்டினோம். ஃபேன் 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறங்கியது. மீட்டரைப் பார்த்துவிட்டு முதலாளி எனக்கு மதியச் சாப்பாடு போட்டார். அறுபது பக்க அறிக்கை கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வருடம் கழித்து அதே மில்லுக்கு வேறு வேலையாகப் போனபோது எச் பிளாண்டை எட்டிப்பார்த்தேன். நான்கு டிரைவும் பைபாஸில் கிடந்தன, மின்சாரம் அவற்றைத் தொடாமல் நேராக ஃபேனுக்குப் போனது. ஃபேன்கள் முழு வேகத்தில் ஓடின. சென்சார் எங்கே என்று தேடினால், பஞ்சு சுற்றிக் குருவிக்கூடு மாதிரி ஆகியிருந்தது. ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும்.

"எப்ப தம்பி பைபாஸ்ல போட்டீங்க?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க சார். முன்னாடி பாத்துட்டிருந்த அண்ணன் திருப்பூர் பக்கம் டையிங்ல சேந்துட்டாருங்க. நான் வந்த மூணாம் நாளு டிரைவ் ட்ரிப் ஆயிருச்சு. டிஸ்ப்ளேல என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சுங்க. நூல் அறுகுதுன்னு மேல இருந்து சத்தம் போட்டாங்க. பைபாஸ்ல போட்டுட்டேன். அப்புறம் யாரும் கேக்கலீங்க."

யாரும் கேட்கவில்லை. உற்பத்தி பத்து நிமிடம் நின்றால் அவனை மூன்று பேர் கேட்பார்கள். டிரைவைத் தொட்டு அது எரிந்துபோனால் சம்பளத்தில் பிடிப்பார்கள். வருடம் 1,80,000 யூனிட்டுக்கு மேல் வீணாகப் போனதற்கு ஒருவரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் பைபாஸில்தான் போட்டிருப்பேன். என் அறுபது பக்கத்தில் அவனுக்கென்று ஒரு வரி எழுதாமல் விட்டது என் தப்பு. அறிக்கையை முதலாளி படித்தார், வங்கிக்காரர் படித்தார். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த டிரைவின் முன்னால் நிற்கப்போகிறவனை நான் நினைக்கவில்லை.

அன்று சாயந்திரமே உட்கார்ந்து ஒரே ஒரு தாள் எழுதினேன், தமிழில். திங்கட்கிழமை தோறும் சென்சாரைப் பிரஷ்ஷால் துடை. டிஸ்ப்ளேயில் இந்த எழுத்து வந்தால் ஓவர் கரண்ட், ஃபேனை நிறுத்திக் கையால் சுற்றிப் பேரிங்கைப் பார். இந்த எழுத்து வந்தால் ஓவர் வோல்டேஜ், ஐந்து நிமிடம் விட்டு ரீசெட் செய். மூன்று தடவைக்கு மேல் ட்ரிப் ஆனால் பைபாஸில் போடு, ஆனால் பலகையில் தேதியை எழுதிவிட்டுப் போடு. லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். அதற்குப் பிறகு நான் கொடுத்த எந்த அறிக்கையும் அப்படி ஒரு தாள் இல்லாமல் போனதில்லை. அந்தத் தாளை எழுதத்தான் அதிக நேரம் பிடிக்கிறது. அதை எழுத வேண்டுமானால் அந்த ரூமில் ஒரு ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதற்கு யாரும் காசு தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தணிக்கைக்கு டெண்டர் போட்டால் குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை. அந்தத் தொகையில் இரண்டு நாள்தான் அளக்க முடியும். சில இடங்களில் நான் பார்த்த பழைய அறிக்கைகளில் வேறு மில்லின் ஸ்பிண்டில் எண்ணிக்கை அப்படியே இருந்தது. அப்படிப்பட்ட அறிக்கையை எழுதப் பழகிய இளைஞன் அளக்கப் பழகமாட்டான். விலை அடிமாட்டு விலையாக இருக்கும்வரை, இந்தத் தொழில் தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே கெடுத்துக்கொண்டிருக்கும்.

2012-இல் பெரிய ஆலைகளுக்கு எரிசக்திச் சேமிப்பு இலக்கு வைக்கும் திட்டம் வந்தது. 8 துறைகளில் 478 ஆலைகள். முதல் சுற்றில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே சேமித்தார்கள், அது உண்மையான சாதனை. அந்த ஆலைகள் சான்றிதழ் பெற்ற எரிசக்தி மேலாளரைச் சட்டப்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஜவுளித் துறையில் அந்தப் பட்டியலில் சேரும் அளவு வருடத்துக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி. எல்லாமே மின்சாரம் என்றால் ஏறக்குறைய மூன்றரைக் கோடி யூனிட். நான் போகும் மில்களில் பெரும்பாலானவை ஒரு கோடியைச் சுற்றி நிற்பவை. சட்டம் அவர்களிடம் அப்படி ஒரு மேலாளரைக் கேட்பதில்லை. அதனால் அந்த நாற்காலியே அங்கே இல்லை. நாற்காலி இல்லாத வேலைக்கு எந்தப் பையன் படிப்பான்?

பயிற்சி பெற்ற ஆளே இல்லாமல் எல்.இ.டி. பல்பு எப்படி வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது என்று சிலர் கேட்பார்கள். 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் பல்புகள் விநியோகமாயின. பல்பை மாட்ட யாருக்கும் பயிற்சி வேண்டாம். பழையதைத் திருகி எடுத்துப் புதியதை மாட்டினால் சேமிப்பு தொடங்கிவிடும். அடுத்துச் சேமிக்க வேண்டிய யூனிட்டுகள் எல்லாம் ஒரு மனிதனின் கைப்பழக்கத்தில் இருக்கின்றன, அவற்றைக் கடையில் வாங்க முடியாது.

கைப்பழக்கம் என்றதும் ஒரு ரீவைண்டிங் பட்டறை ஞாபகம் வருகிறது. 1930-களில் பைகாரா நீர்மின்சாரம் வந்த பிறகு கோவையில் மில்கள் பெருகின. 1937-இல் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் இங்கேதான், ஜி.டி. நாயுடுவின் தொழிற்சாலையில் உருவானது. அந்த வழியில் வந்த ஊர் இது. தெருவுக்குத் தெரு காயில் கட்டும் பட்டறை உண்டு. நான் சொல்லும் பட்டறைக்காரர் அப்பாவிடம் தொழில் கற்றவர். எரிந்துபோன மோட்டாரைக் கொடுத்தால் மறுநாள் ஓட வைப்பார். பழைய காயிலை எடுக்க, மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டரை அப்படியே தீயில் போடுவார். வார்னிஷ் கருகி, கம்பி இளகி, இழுத்தால் வந்துவிடும். வேலை சீக்கிரம் முடியும். அந்தச் சூட்டில் ஸ்டேட்டரின் தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பூச்சும் கருகிப்போகும். பிறகு தகடுகளுக்குள் மின்சாரம் சுழன்று சுழன்று இரும்பைச் சூடாக்கும். மோட்டார் ஓடும், முன்பைவிட அதிக மின்சாரம் குடித்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு தடவை இப்படி எரித்துக் கட்டும்போதும் திறன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

இதை அவரிடம் போய்ச் சொன்னால் கோபப்படுவார் என்று நினைத்தேன். சொல்வதற்குப் பதிலாக ஒரு 20 எச்பி மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். கட்டுவதற்கு முன் அதை வெறுமனே ஓட்டி எத்தனை வாட் எடுக்கிறது என்று அவர் கையாலேயே அளக்க வைத்தேன். எப்போதும் போல எரித்துக் கட்டினார். மறுபடியும் அளந்தார். ஏறக்குறைய 200 வாட் கூடியிருந்தது. மீட்டரைத் தட்டிப் பார்த்தார், வயரை மாற்றி மாட்டிப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா காலத்துல இருந்து இப்படித்தானுங்க பண்றோம். எத்தன ஆயிரம் மோட்டாரு..."

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. தொழிலை மதிக்கிற மனிதனுக்கு மட்டும் வருகிற வேதனை அது. இரண்டு மாதத்தில் பழைய பெயிண்ட் ஓவன் ஒன்றை வாங்கி, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள தெர்மோஸ்டாட் போட்டார். வார்னிஷை அதில் பதமாகச் சுட்டு எடுத்தார். நேரம் கூடுதலாக ஆனது. கூலி கொஞ்சம் ஏற்றினார். பாதிக் கஸ்டமர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார்கள், அங்கே மறுநாளே கிடைக்கும். நான் மில் மில்லாக ஏறி அவருக்காகப் பேசினேன். நான்கு மில்கள் அவரிடம் தங்கின. அந்த நான்கை வைத்து அவர் இன்றும் ஓவனில்தான் சுடுகிறார். கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று தொழிலாளிகளைப் பற்றிச் சொல்பவர்களிடம் நான் இவரைத்தான் காட்டுகிறேன். கற்றுக்கொண்டதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

என்னிடம் வேலை பார்த்தவர்களில் மிகச் சிறந்தவர் ஒரு பெண். ஒரு மில்லில் கெப்பாசிட்டர் பேனல் மொத்தமும் சரி என்று மீட்டர் காட்டியபோது, ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் தனித்தனியாக அளந்து, மூன்றில் ஒன்று செத்துக்கிடக்கிறது என்று கண்டுபிடித்தவர். இரவு ஷிஃப்டில் அளக்க வேண்டிய வேலைக்கு அவரை அனுப்பினால் மில் வாசலில் நூறு கேள்வி. கம்ப்ரஸர் ரூம் பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அவர் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை, தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருடம் இருந்துவிட்டு ஐ.டி. கம்பெனிக்குப் போனார். சம்பளம் இரண்டரை மடங்கு. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நான் போகும் மில்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். என் லேமினேட் தாளைத் தமிழில் ஒட்டினால் படிக்க ஆளில்லை. எழுத்தைக் குறைத்துப் படமாக வரைந்தேன். சிவப்புச் சீட்டு என்றால் ஓட்டை, பச்சைச் சீட்டு என்றால் அடைத்தாயிற்று. போன வருடம் ஒரு மில்லில் கம்ப்ரஸர் ரூமுக்கு ஒடிசாப் பையன் ஒருவன் வந்திருந்தான். இப்போது கசிவைத் தேட அல்ட்ராசோனிக் கருவி இருக்கிறது, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் மெஷின் ஓடும்போதே கேட்கும். அதை அவன் காதில் மாட்டிவிட்டேன். கருவியைத் திருப்பித் திருப்பிக் கேட்டவன், பத்து நிமிடத்தில் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறும் காதால் தேட ஆரம்பித்தான். "அண்ணா, இங்க காத்து போகுது. அங்கயும்." சொலினாய்டு வால்வின் அடியில், கப்ளரின் கழுத்தில், டிரெயின் வால்வில். எனக்கு 1996 ராத்திரியின் கைக்கடிகாரம் ஞாபகம் வந்தது.

மூன்று மாதம் அவனோடு வாரம் ஒரு நாள் சுற்றினேன். பதிவேட்டில் தேதியை ஆங்கில எண்ணிலும் இடத்தை ஒடியாவிலும் எழுதினான், பக்கத்தில் நான் தமிழில் எழுதினேன். ஆயுத பூஜை ராத்திரி லோடு நேரத்தை அவனே அளந்தான். ஆறு நிமிடத்துக்கு நாற்பது விநாடி. முதலாளியிடம் போய் இவனுக்கு மாதம் இரண்டாயிரம் கூட்டிக்கொடுங்கள், இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று கேட்டேன். "காண்ட்ராக்டர்கிட்டப் பேசணுங்க" என்றார். பேசினாரா என்று இரண்டு தடவை கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு பையன் சூரத் போவதாகச் சொன்னான், அங்கே அவன் அண்ணன் தறியில் இருக்கிறான்.

கிளம்பும் முன் என்னிடம் வந்து, இந்த வேலை தெரியும் என்று ஒரு காகிதம் கிடைக்குமா என்று கேட்டான். அவனுக்குக் கொடுக்க எனக்குத் தெரிந்த எந்தத் துறையிலும் அப்படி ஒரு காகிதம் இல்லை. என் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்திலும், தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு ஒடியாவிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ன மில்லில் 75 எச்பி கம்ப்ரஸர் லைனில் இவர் 61 கசிவுகளைக் கண்டுபிடித்தார், அவற்றில் 48-ஐத் தன் கையால் அடைத்தார், கம்ப்ரஸரின் லோடு நேரத்தை அளந்து பதிவு செய்யத் தெரிந்தவர். அவன் ஒடியா பக்கத்தை இரண்டு தடவை படித்தான். 48 அல்ல, 50 என்றான். பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தோம். 50தான். திருத்தி, மறுபடி அச்செடுத்துக் கொடுத்தேன்.